தூக்காத லோடு

காற்றாலை நடப் போகிற கிரேனுக்குக் காற்று ஆகாது. முப்பந்தலில் இருந்த வருஷங்களில் எங்கள் பேச்செல்லாம் இதைச் சுற்றித்தான். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி வந்து ஆரல்வாய்மொழியில் கொஞ்சம் வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாயில் நெருக்குண்டு வெளியே வரும்போது அதன் வேகமே வேறு. வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை ஓயாது. இசக்கியம்மன் கோயில் முன்னால் லாரியை நிறுத்தி விடலை போடுகிறவர்கள் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். அந்தக் காற்றுக்காகத்தான் அங்கே இடம் வாங்கினார்கள். எங்களுக்கோ அது இல்லாத மாதம் வேண்டும். அந்த மாதத்திலும் அது இல்லாத நேரம் வேண்டும்.

1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகள் வந்தபோது அவை சின்னவை. நடுத்தரமான ஒரு கிரேன் போதும். நான் கேபினில் உட்காரும் காலத்துக்குள் கோபுரம் 80 மீட்டர் ஆகிவிட்டது. மூன்று இறக்கையும் சேர்ந்த சக்கரம் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 88 மீட்டர். உச்சியில் உட்காரும் நாசெல், ஜெனரேட்டரும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்கிற அந்தப் பெட்டி, எழுபது டன்னைத் தொடும். ஆனால் எழுபது டன் பெட்டிக்கு நான் பயந்ததில்லை. அதைவிட எடை குறைந்த சக்கரத்துக்குத்தான் பயம். பெட்டி தொங்கினால் தொங்கிக்கொண்டிருக்கும். சக்கரம் காற்றைப் பிடிக்கவே செய்யப்பட்டது. கோபுரத்தில் மாட்டிய பிறகுதான் பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இராத்திரி காற்று தணியும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. தரை குளிர்ந்ததும் கீழே இருக்கிற காற்று படுத்துவிடும். கருவேல மரத்தில் இலை அசையாது. பீடி பற்ற வைத்தால் புகை நேரே ஏறும். மேலே, கிரேனின் நீண்ட கையான பூமின் நுனியில் சுற்றுகிற அனிமோமீட்டர் வினாடிக்குப் பதினோரு மீட்டர் என்று காட்டும். கீழே அடங்கிய காற்றுக்கு மேலே இன்னொரு காற்று தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தரையில் நிற்கிற இன்சார்ஜுக்கு இதைப் புரியவைப்பதற்குள் விடிந்துவிடும். அவர் மேல் தப்பில்லை, அவர் முகத்தில் காற்றே படவில்லையே.

இந்தத் தொழிலை எனக்குச் சொல்லித் தந்தவர் காற்றாலையைப் பார்த்ததே இல்லை. வடசென்னை அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது, 1990-களின் தொடக்கம். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போய் ஹெல்பராகச் சேர்ந்தேன். அவரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள், நானும் அப்படித்தான். எண்ணூர்க்காரர். அவர் ஓட்டியது பழைய ஃபிரிக்‌ஷன் வண்டி. ஹைட்ராலிக் கிடையாது. இன்ஜின் சுற்றும், லிவரை இழுத்தால் கிளட்ச் பிடித்து டிரம் சுற்றும், லோடு ஏறும். ஏறிய லோடு அந்தரத்தில் நிற்பது ஆபரேட்டரின் காலால். பெடலை மிதித்தால் டிரம்மைச் சுற்றியிருக்கிற பட்டை இறுகும். காலை எடுத்தால் லோடு விழும். பத்து டன் சுமை ஒரு மனிதனின் கெண்டைக்காலை நம்பித் தொங்கும்.

அந்தப் பட்டையின் லைனிங் நனைந்தால் பிடிக்காது. எண்ணூரில் ஐப்பசி மழை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது; கடல் பக்கத்திலேயே இருக்கிறது. மழை விட்டதும் போர்மேன் ஓடிவருவார். வாத்தியார் அசையமாட்டார். வெறும் ஹூக்கை மேலே ஏற்றுவார், பிரேக்கைப் பாதி மிதித்தபடியே இறக்குவார். மறுபடி ஏற்றுவார், இறக்குவார். லைனிங் சூடாகி ஆவி கிளம்பும். எரிந்த ரப்பரும் ஈரமும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனை நின்ற பிறகுதான் லோடு மாட்டச் சொல்வார். ஒரு தடவை போர்மேன் கத்தினார், இருபது பேர் சும்மா நிற்கிறார்கள் என்று. வாத்தியார் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, “நிக்கட்டும் சார். நின்னுக்கினு இருந்தாத்தான் சாயங்காலம் ஊட்டுக்குப் போவாங்க” என்றார். கோபமே இல்லாத குரல்.

லோடு சார்ட்டையும் அவர்தான் படிக்கக் கற்றுத் தந்தார். 50 டன் கிரேன் என்றால் எங்கு வேண்டுமானாலும் ஐம்பது டன் தூக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பூமை முழுக்க உள்ளே வாங்கி, நாலு ஜாக்கும் முழுசாக விரித்து, வண்டியை ஒட்டினாற்போல மூன்று மீட்டருக்குள் வைத்துத் தூக்கினால் ஐம்பது. அதே வண்டி இருபது மீட்டர் தள்ளி நாலைந்து டன்னுக்கு மேல் தொடக் கூடாது. அந்த நாலைந்திலும் ஹூக் பிளாக், ஸ்லிங், ஷாக்கிள் எல்லாவற்றின் எடையையும் கழிக்க வேண்டும். கூப்பிடுகிறவர்கள் எடையைச் சொல்வார்கள், தூரத்தைச் சொல்லமாட்டார்கள். “எவ்ளோ டன்னுன்னு கேக்காத, எவ்ளோ தூரம்னு கேளு” என்பார் வாத்தியார். பிற்காலத்தில் நான் எந்த சைட்டுக்குப் போனாலும் முதலில் டேப்பை எடுத்து அளந்தது அதனால்தான்.

முப்பந்தலில் ஒரு மாசி மாதத்துச் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

சக்கரத்தைத் தரையில் வைத்துக் கோத்து முடித்திருந்தார்கள். ஒரு இறக்கையின் நுனியைப் பிடிக்கச் சின்ன கிரேன் தயாராக நின்றது. மற்ற இரண்டு இறக்கை நுனிகளிலும் கயிறு கட்டி, ஒவ்வொரு கயிற்றுக்கும் ஆள் நின்றார்கள். படுத்துக் கிடக்கிற சக்கரத்தைப் பெரிய கிரேன் தூக்கத் தூக்க, சின்ன கிரேன் தன் நுனியைத் தரையில் இடிக்காமல் விட்டுக்கொண்டே வர வேண்டும். சக்கரம் மெல்ல நிமிர்ந்து செங்குத்தாக நின்றதும் சின்னவன் கழன்றுகொள்வான். பிறகு எண்பது மீட்டர் உயரத்துக்கு நானும் கயிற்றுக்காரர்களும்தான்.

கயிற்றுக்காரர்களில் இரண்டு பேர் பேப்பூர்ப் பக்கத்துக் கலாசிகள். உரு என்கிற மரக்கப்பலைக் கடலில் இறக்குகிற பரம்பரை. 1988-ல் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, தண்ணீரில் கிடந்த பெட்டிகளைக் கயிறும் கப்பியும் கொண்டு கரைக்கு இழுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எங்களோடு இருந்தவர்களில் மூத்தவர் தன் சித்தப்பா அங்கே இருந்தார் என்று சொல்வார். நிதானமான ஆள். “அபீஸ்” என்றால் ஏற்று, “ஆரியா” என்றால் இறக்கு. தமிழன், மலையாளி, பீகாரி யாராக இருந்தாலும் கிரேனடியில் இந்த இரண்டு சத்தமும் பொது. வாக்கிடாக்கி வந்த பிறகும் அவர் கையைத்தான் காட்டுவார். முஷ்டியை மூடினால் நான் நிறுத்திவிடுவேன், ஏன் என்று கேட்டதில்லை.

லிஃப்டிங் பிளானில் சக்கரத்துக்குக் காற்று வரம்பு எட்டு மீட்டர் என்று எழுதியிருந்தது. டிஸ்பிளேயில் ஆறு, ஏழு, ஆறு என்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று பதினொன்று. மறுபடி ஆறு. சராசரி எட்டுக்குள்தானே இருக்கிறது என்றார் இன்சார்ஜ். சராசரி லோடைத் தள்ளாது. ஒரு வீச்சு போதும். காற்றின் வேகம் பத்திலிருந்து பதினாலு ஆனால் அது தள்ளுகிற பலம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நான் முடியாது என்றேன். நீ தூக்காவிட்டால் வேறு ஆள் தூக்குவான் என்றார். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கலாசி மூத்தவர் ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

இதை நிறுத்திவிட்டு ஹைட்ராலிக் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபிரிக்‌ஷன் வண்டியை விட்டு ஹைட்ராலிக் வண்டிக்கு மாறியபோது எனக்குக் கையில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது போலிருந்தது. பழைய லிவரில் லோடின் நடுக்கம் உள்ளங்கைக்கு வரும். ஜாய்ஸ்டிக்கில் ஒன்றும் வராது. ஆகவே காது மட்டும்தான் மிச்சம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பம்பு சன்னமாகக் கீச்சிட்டால் எண்ணெய் சரியாக ஏறவில்லை. சக்‌ஷன் வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. டேங்கைத் திறந்தால் எண்ணெய் நுரைத்திருக்கும். அந்தச் சத்தத்தோடு ஒரு ஷிஃப்ட் ஓட்டினால் பம்பு தேய்ந்துபோகும். பிறகு இரும்புத் தூள் வால்வு வால்வாகப் போய் உட்காரும். ஒரு வடிகட்டி விலையில் முடிய வேண்டியது ஒரு மாத வேலையாகும்.

ஹோஸ் வெடிப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் வெடிப்பதைவிட மோசம் ஊசித் துவாரம். எண்ணெய் கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை. ஹெல்பர் பையன் விரலால் தடவிப் பார்க்கப் போவான். நான் கையைத் தட்டிவிடுவேன். இருநூறு பார் அழுத்தத்தில் வருகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கிக் கறுக்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். அட்டையை வைத்துத்தான் தேட வேண்டும், அதுவும் தள்ளி நின்று. என்னோடு வேலை பார்த்த ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே இதைச் சொன்னேன். சாப்பிடச் சொல்வதற்கு முன்பே சொன்னேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நாளெல்லாம் வெயிலில் வேலை செய்த வண்டியில் எண்ணெய் கொதித்துப் போயிருக்கும். சாயங்காலம் பூமை நீட்டி லோடைத் தாங்கியபடி நிறுத்தினால், எண்ணெய் ஆற ஆற அதன் கன அளவு குறையும். சிலிண்டருக்குள் தண்டு பின்வாங்கும். பூம் தானாக விரல் விரலாகச் சுருங்கும். சீல் போய்விட்டது என்று மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிவிடுவார். கழற்றினால் சீல் நன்றாக இருக்கும். சாக்பீஸால் கோடு போட்டு, எண்ணெயின் சூட்டையும் குறித்துவைத்துப் பார்த்தால் எது கசிவு, எது குளிர்ச்சி என்று பிரிந்துவிடும். நான் கேபினில் சாக்பீஸ் இல்லாமல் இருந்ததே இல்லை.

எலியையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் யார்டில் நிற்கிற வண்டியில் எலி குடியேறும், ஒயர் ஒயராகக் கடிக்கும். காலையில் எல்.எம்.ஐ. திரையில் எரர். எல்.எம்.ஐ. என்பது பூமின் கோணம், நீளம், லோடு மூன்றையும் கணக்குப் போட்டு, சார்ட்டைத் தாண்டினால் வண்டியைப் பூட்டிவிடுகிற பெட்டி. அதன் ஒயர் ஒன்று அறுந்தாலும் அது பூட்டும். பூம் நுனியில் சங்கிலியில் ஒரு குண்டு தொங்கும். ஹூக் பிளாக் மேலே போய் அந்தக் குண்டைத் தூக்கினால் ஏற்றம் நின்றுவிடும். அது இல்லாவிட்டால் பிளாக் நுனியில் இடித்து ரோப் அறுந்து, லோடு கீழே நிற்கிறவன் தலையில். அந்தக் குண்டைக் கம்பியால் தூக்கிக் கட்டி வைத்திருக்கிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பைபாஸ் சாவி நிரந்தரமாகத் திருப்பியே கிடக்கிற கேபின்களைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலைச் சட்டம் 29-ஆம் பிரிவில் தூக்கும் எந்திரத்தைத் தகுதி பெற்றவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது முழுக்கப் பரிசோதிக்க வேண்டும் என்றிருந்தது. நல்ல சட்டம். ஆனால் எலி வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் வருவதில்லை. மற்ற நாட்களுக்கு ஆபரேட்டரின் கண் ஒன்றுதான் காவல், அவன் சொல்லுக்கு மதிப்பு இருந்தால்.

அந்த மாசிச் சாயங்காலம் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன் என்றேன். முதலாளியிடமிருந்து போன் வந்தது. பிறகு யார் யாரோ. நான் வண்டியடியிலேயே உட்கார்ந்திருந்தேன்; அவ்வப்போது ஏறிச் சாவியைப் போட்டு டிஸ்பிளேயைப் பார்த்தேன். காற்று வரும், வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு எதிர்பார்ப்பு. வரவில்லை. ஏழு மணிக்கு ஐந்து. எட்டு மணிக்கு நாலு. பிறகு மூன்று. அவ்வளவு அமைதியான இரவு அந்தப் பருவத்திலேயே இல்லை. தூக்கியிருந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் சக்கரம் மேலே உட்கார்ந்திருக்கும். மறுநாள் விடியற்காலையில் தூக்கி மாட்டினோம், ஒரு சிக்கலும் இல்லை. அந்த மாதம் பேட்டா வரவில்லை.

நான் மறுத்தது சரி என்பதற்கு இன்று வரை ஒரு சாட்சியும் கிடையாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். விழுந்த கிரேனைப் பற்றி அறிக்கை எழுதுவார்கள். தூக்காத லோடைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள்.

பிற்பாடு ஒரு ரிக்கிங் இன்ஜினியர் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னார். மில்வாக்கி நகரில் ஒரு பேஸ்பால் மைதானத்துக்குக் கூரை போட்டார்கள். 1999 ஜூலை 14. நானூறு டன்னுக்கு மேற்பட்ட கூரைத் துண்டு ஒன்றை ‘பிக் ப்ளூ’ என்ற மாபெரும் கிரேன் தூக்கியது. கிரேனைக் காற்று என்ன செய்யும் என்று கணக்குப் பார்த்திருந்தார்கள். அகலமான அந்தக் கூரையைக் காற்று என்ன செய்யும் என்று சரியாகப் பார்க்கவில்லை. கிரேன் சாய்ந்து, இன்னொரு கிரேனின் கூடையில் நின்றுகொண்டிருந்த மூன்று இரும்புத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2015 செப்டம்பர் 11-ல் மெக்காவில் பெரிய பள்ளிவாசல் மேல் விழுந்த கிரேன் அன்றைக்கு எதையும் தூக்கவே இல்லை. வேலை நேரம்கூட இல்லை. பூமை இறக்கி வைக்காமல் நிமிர்த்தியபடி விட்டிருந்தார்கள். இடியும் மழையுமாகக் காற்று வந்தது. நூறு பேருக்கு மேல் போனார்கள். இதைக் கேட்ட பிறகு, வேலை முடிந்த கிரேனைப் பார்த்தால்கூட நான் முதலில் அதன் பூம் எப்படி நிற்கிறது என்றுதான் பார்க்கிறேன். ரயிலில் போகும்போதும் பார்க்கிறேன்.

நம் ஊரிலும் இப்படி நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் விளக்கைத் தாங்கியிருந்த கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதியில் கோயில் திருவிழாவில் ஆட்களைத் தாங்கிய கிரேன் சாய்ந்து உயிர்கள் போயின. என் ஊர்க் கோயில் கொடைக்கும் ஹைட்ரா கிரேன் கேட்டு வந்தார்கள், பறவைக் காவடிக்கு. சொந்தக்காரர்கள், மாமன் மச்சான்கள். ஹைட்ராவுக்கு ஜாக் கிடையாது. சக்கரத்திலேயே நிற்கிற வண்டி. லோடைத் தூக்கிக்கொண்டே நகர்வதற்காகச் செய்தது. நடுவில் மடிந்து திரும்பும். நேராக நிற்கும்போது தூக்குகிற எடையைத் திரும்பிய நிலையில் அதனால் தூக்க முடியாது. மேடு பள்ளமான தெருவில், மழை பெய்து ஊறிய கரிசலில், ஒரு பக்கச் சக்கரம் அரை அடி இறங்கினால் போதும். அது இரும்பும் பைப்பும் தூக்குவதற்கு; மனிதர்களைத் தொங்கவிட அல்ல. சாமி காரியத்துக்கு மறுக்கிறாயே என்று என் அத்தையே கேட்டாள். “சாமிக்குத்தான் அத்தை மறுக்கேன்” என்றேன். அவள் ரொம்ப நாள் பேசவில்லை. வேறெங்கிருந்தோ ஒரு வண்டி கொண்டுவந்து காவடி நல்லபடியாக முடிந்தது. இங்கும் எனக்குச் சாட்சி இல்லை.

வாத்தியார் போன பிறகு ஒரு தடவை எண்ணூருக்குப் போயிருந்தேன். அவர் மகன் ஒரு பழைய வெர்னியரைக் கொடுத்தான், ரோப் அளக்க அவர் வைத்திருந்தது. ரோப்பை எப்படிப் பிடித்து அளக்க வேண்டும் என்று அவர் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது: இரண்டு புரிகளின் முதுகில் வெர்னியர் உட்கார வேண்டும், பள்ளத்தில் வைத்தால் புது ரோப்பும் தேய்ந்ததாகக் காட்டும். உடைந்த கம்பி இருக்கிறதா என்று பார்க்கத் துணியைச் சுற்றிப் பிடித்து ரோப்பை மெதுவாக ஓடவிட வேண்டும். துணி சிக்குகிற இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெறும் கையால் பிடித்தவர்களின் உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். ரோப் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு ஏறிப் பொடியாகியிருக்கும். புரிகளின் நடுவிலிருந்து செம்பொடி உதிர்ந்தால் அதற்கு மேல் பேச்சில்லை, மாற்ற வேண்டியதுதான். ரோப் விலை அதிகம். கிரீஸ் போட்டு ஓட்டு என்பார்கள். அழுக்குத் தூசியின் மேல் போட்ட கிரீஸ் உள்ளே இறங்காது. முதலில் துடைக்க வேண்டும். துடைப்பதற்கு யாரும் அரை நாள் தரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஹெல்பரும் துடைத்தோம்.

அக்கா மகன் இப்போது ஒரு மேம்பால வேலையில் டெலஸ்கோப்பிக் கிரேன் ஓட்டுகிறான். போன வாரம் மத்தியானம் கூப்பிட்டான்.

“மாமா, எல்.எம்.ஐ. எரர் காட்டுது. நீளம் பூஜ்யம்னு வருது. சாயங்காலம் வரைக்கும் பைபாஸ் போட்டு ஓட்டச் சொல்லுதாவ.”

“லோடு தொங்குதா?”

“இல்ல. ஹூக் வெறுமனதான் இருக்கு.”

“பூமை உள்ள வாங்கி, இறக்கி வை. ஜாக்கை எடுக்காத. லாக் புக்குல எழுது.”

“எழுதிட்டேன். இன்சார்ஜு கையெழுத்துப் போட மாட்டேங்காரு.”

“அப்ப உன் கையெழுத்த மட்டும் போடு. மணி எழுது.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கிரேனடியில் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பிறகு வைத்துவிட்டான். இருட்டிய பிறகு மறுபடி கூப்பிட்டான். பூமில் சுற்றி வருகிற ரீல் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறதாம். எலக்ட்ரீஷியன் திருச்சியிலிருந்து வர வேண்டும், நாளைக்கு மத்தியானம் ஆகுமாம். அதுவரை சம்பளம் உண்டா என்று கேட்டேன். தெரியாது என்றான். அந்த முதலாளியின் நம்பரை வாங்கிக்கொண்டேன், காலையில் பேசுவதற்கு.